முகச் சுருக்கத்திற்கு ஊசி: மருந்து எது? மோசடி எது?

  

இந்த வாரம் ஒரு திருத்தத்தோடு தொடங்குகிறேன். சில மாதங்களுக்கு முன் அலங்காரம் பற்றிய ஜும்ஆ பயானில், "போடாக்ஸ் ஊசி ஹராம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். அதன் பின் ஒருநாள் அஸருக்குப் பிறகு அரியலூர் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் தம்பியோடு மஸ்ஜிதுக்கு வந்தார். கையில் ஆறு வயது பையன். பிறவியிலேயே பெருமூளை வாதம். கெண்டைக்கால் தசை இறுகி, குதிகால் தரையில் படாமல் விரல் நுனியில் நடக்கிற பிள்ளை.

"ஹஜ்ரத், இவனுக்கு காலுல ஊசி போடணும்னு திருச்சி டாக்டர் சொன்னாரு. பேரு கேட்டா போடாக்ஸ்னாரு. நீங்க ஹராம்னு சொன்னதா எங்க வீட்ல சொன்னாங்க. அதான் நிறுத்திட்டோம். தப்பா போச்சா?"

அந்தக் கேள்விக்கு முன்னால் எனக்குத் தலை குனிந்துவிட்டது. முழுமையாகச் சொல்லாத ஒரு சட்டம் ஒரு பிள்ளையின் சிகிச்சையைத் தடுத்துவிட்டது. "தப்பு உங்க மேல இல்லம்மா, என் மேல. நாளைக்கே டாக்டரப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினேன். அன்று அரைகுறையாகச் சொன்னதை இன்று முழுமையாகச் சொல்ல வேண்டியது என் மீது கடமை. ஆகவே பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள். பாதியில் நிறுத்திப் பாதிச் செய்தியைப் பகிர வேண்டாம்.

இந்த ஊசி என்ன?

கெட்டுப்போன இறைச்சியில், காற்றுப் புகாத இடத்தில் வளரும் ஒரு நுண்கிருமி இருக்கிறது. அது வெளியிடும் நஞ்சுதான் இதன் மூலப்பொருள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் இறைச்சிக் குழல் சாப்பிட்டவர்கள் கண் இமை தொங்கி, பேச்சு குழறி, மூச்சு நின்று இறந்தார்கள். யூஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர் அதை ஆராய்ந்து எழுதினார். இறைச்சிக் குழலுக்கு லத்தீன் மொழியில் 'போட்டுலஸ்' என்று பெயர். 'போட்டுலினம்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. மனிதன் அறிந்த நஞ்சுகளிலேயே மிகக் கடுமையானவற்றில் இது ஒன்று.

நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை இது தடுத்துவிடும். தசை சுருங்காமல் தளர்ந்து கிடக்கும். இதைத் தலைகீழாக யோசித்தவர் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். இறுகிய தசையைத் தளர்த்த இதையே மிகச் சிறு அளவில் செலுத்தினால் என்ன என்று ஆராய்ந்து, மாறுகண்ணுக்கு மருந்தாக்கினார். 1989இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்கு அனுமதி தந்தது. மாறுகண், இமை துடிப்பு, பிறகு கழுத்துத் தசை இறுக்கம், அளவுக்கு மீறிய வியர்வை, தீராத ஒற்றைத் தலைவலி என்று பயன்கள் விரிந்தன.

இதற்கிடையில் கனடாவின் வான்கூவரில் கருத்தர்ஸ் என்ற மருத்துவத் தம்பதியர் ஒன்றைக் கவனித்தார்கள். இமை துடிப்புக்கு ஊசி போட்டவர்களின் புருவ இடுக்கிலிருந்த கோடுகளும் மறைந்திருந்தன. அழகுக்காகப் போடும் வழக்கம் அங்கிருந்து பிறந்தது. 2002இல் புருவ இடுக்குக் கோடுகளுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் பலன் மூன்று நான்கு மாதங்கள்தான். பிறகு நரம்பு மீண்டும் வேலை செய்யும், கோடு திரும்பி வரும், மறுபடி ஊசி.

ஆக, குப்பி ஒன்றுதான், பயன் இரண்டு. ஒன்று நோய் நீக்கம். மற்றொன்று வயதை மறைத்தல். நான் அன்று செய்த தவறு, குப்பியைப் பார்த்துச் சட்டம் சொன்னது. மார்க்கம் குப்பியையும் பார்க்கும், அதைப் பிடித்திருக்கும் கையின் நோக்கத்தையும் பார்க்கும்.

நோய்க்கு என்றால்

அல்லாஹ் ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை இறக்கியிருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வரும் அந்த ஹதீஸில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அது முதுமை. இந்த வார்த்தையை நினைவில் வையுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

அர்ஃபஜா (ரலி) என்ற தோழர் அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தார். வெள்ளியில் ஒரு மூக்கு செய்து பொருத்தினார். அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபியவர்கள் ஏவினார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்பது நாம் அறிந்ததே. ஆனால் குறை நீக்கம் என்று வரும்போது அந்தத் தங்கத்தையே நபியவர்கள் அனுமதித்தார்கள். முகத்தின் குறையைச் சரிசெய்வது படைப்பை மாற்றுவது ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுமா?

"நஞ்சாயிற்றே?" என்று கேட்பீர்கள். நஞ்சு கலந்த மருந்தில் பாதுகாப்பே மிகைத்திருந்து, பலனும் எதிர்பார்க்கப்பட்டால் பயன்படுத்தலாம் என்று இப்னு குதாமா (ரஹ்) போன்ற முற்கால ஃபுகஹாக்களே எழுதிவிட்டார்கள்.

"பன்றி கலந்ததாமே?" என்பது அடுத்த கேள்வி. இந்த நஞ்சு பன்றியிலிருந்து எடுக்கப்படுவதல்ல, நுண்கிருமியிலிருந்து வருவது. அந்தக் கிருமியை வளர்க்கும் கரைசலில் விலங்குப் பொருள்கள் சேர்வதுண்டு. போடாக்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் மருந்தில் மனித இரத்தத்திலிருந்து பிரித்த அல்புமின் என்ற புரதமும் சேர்க்கப்படுகிறது. தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள். மாற்று இல்லை, சிகிச்சை தேவை என்று நம்பகமான மருத்துவர் சொன்னால் நிர்ப்பந்தத்தின் சட்டம் அங்கே வந்துவிடும். பிள்ளையின் காலை முடக்கி வைத்துக்கொண்டு பேணுதல் பேசுவது பேணுதல் அல்ல.

அழகுக்கு மட்டும் என்றால்

நம் மாவட்டத்தில் லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளோடு உறவு இல்லாத வீடு குறைவு. ஆகவே மலேசியச் செய்தி நமக்கு அந்நியமல்ல. 2006 ஜூலையில் மலேசியாவின் தேசிய ஃபத்வா கவுன்சில், அழகுக்காக இந்த ஊசி போடுவது முஸ்லிம்களுக்குக் கூடாது என்று அறிவித்தது. சந்தேகத்திற்குரிய பொருள்கள் கலந்திருப்பதும், உடலுக்குத் தீங்கு நேரக்கூடும் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அடுத்த ஆண்டு, 2007 ஜூலையில், அதே மலேசியாவின் புத்ராஜெயாவில் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் 18ஆவது அமர்வு கூடியது. அழகு அறுவைச் சிகிச்சை பற்றி அங்கே விரிவான தீர்மானம் வந்தது.

அதன் சாரம் இதுதான். பிறவிக் குறையான பிளந்த உதடு, கூடுதல் விரல், தீக்காயத் தழும்பு, விபத்தில் சிதைந்த முகம் ஆகியவற்றைச் சரிசெய்யலாம். இயல்பாக இருக்கும் உருவத்தை வெறும் ஆசைக்காக மாற்றக் கூடாது. முகச் சுருக்கத்தை அறுவையாலோ ஊசியாலோ நீக்குவதும் கூடாது. அது நோயின் விளைவாக இருந்து, தீங்கும் இல்லை என்றால் மட்டும் அனுமதி. முப்பது வயதுப் பெண்ணுக்கு நோயால் முகம் சுருங்கினால் அது குறை. அறுபது வயதில் சுருங்கினால் அது வயது.

இதன் அடிப்படை என்ன? மனிதர்களை வழிகெடுத்து, அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி ஏவுவேன் என்று ஷைத்தான் சபதம் செய்ததை சூரா நிஸாவின் 119ஆவது வசனம் எடுத்துச் சொல்கிறது. பச்சை குத்துபவர்கள், முகத்து முடியைப் பறிப்பவர்கள், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குபவர்கள் மீது சாபம் உண்டு என்ற ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது வருகிறது. பல்லை அராவுவதற்கான விளக்கத்தை உலமாக்கள் எழுதும்போது, வயது முதிர்ந்த பெண் தன்னை இளம்பெண்ணாகக் காட்ட அன்று செய்த வேலை அது என்கிறார்கள். அன்று அரம், இன்று ஊசி.

இதில் மாற்றுக் கருத்தே இல்லையா என்றால், உண்டு. சில மாதங்களில் மறைந்துவிடும் மாற்றம் நிரந்தரமாகப் படைப்பை மாற்றுவதாகாது, ஆகவே தீங்கும் ஏமாற்றும் இல்லாவிட்டால் கூடும் என்று சொல்லும் சமகால அறிஞர்களும் இருக்கிறார்கள். அதை மறைப்பது அமானிதம் ஆகாது. ஆனாலும் வெறும் அழகுக்காக நஞ்சைச் செலுத்துவது தவிர்க்க வேண்டியதே என்பதுதான் வலுவான கருத்து என்று நான் கருதுகிறேன்.

அலங்காரமே கூடாது என்று யாரும் எண்ண வேண்டாம். அல்லாஹ் அழகன், அழகை விரும்புகிறான் என்று முஸ்லிமில் வரும் ஹதீஸ் நமக்குத் தெரியும். மக்கா வெற்றி நாளில் அபூபக்கர் (ரலி) அவர்களின் தந்தை அபூகுஹாஃபா அழைத்து வரப்பட்டார். தலையும் தாடியும் வெண்பூவாகப் பூத்திருந்தன. அந்த நிறத்தை மாற்றுங்கள், ஆனால் கறுப்பைத் தவிருங்கள் என்றார்கள் நபியவர்கள். முதியவரும் அழகாக இருக்கட்டும், ஆனால் இளைஞராக வேடம் போட வேண்டாம் என்பதே அதில் நாம் பெறும் பாடம்.

ஒட்டகத்திற்கே கூடாதாம்!

2021 டிசம்பரில் சவூதி அரேபியாவில் மன்னர் அப்துல் அஸீஸ் ஒட்டகத் திருவிழா நடந்தது. ஒட்டக அழகுப் போட்டி அது. மொத்தப் பரிசு சுமார் 6 கோடியே 60 லட்சம் டாலர். உதடும் மூக்கும் எடுப்பாகத் தெரிவதற்காக ஒட்டகங்களுக்கு போடாக்ஸ் போட்டுக் கொண்டுவந்தார்கள் சிலர். பரிசோதனையில் பிடிபட்டது. 40க்கும் மேற்பட்ட ஒட்டகங்களைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். 2018லும் இப்படி 12 ஒட்டகங்கள் நீக்கப்பட்டன.

சிரிப்பு வருகிறதல்லவா? நபி (ஸல்) அவர்கள் இதன் மூத்த வடிவத்தை 1400 ஆண்டுகளுக்கு முன்பே தடுத்தார்கள். விற்பதற்கு முன் சில நாள் பால் கறக்காமல் விட்டு, மடி பெருத்துத் தெரியும்படி ஒட்டகத்தையும் ஆட்டையும் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது என்று தடை செய்தார்கள். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருந்ததும், ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்ல என்றும் எச்சரித்தார்கள்.

பெரம்பலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மக்காச்சோளத்தில் கையை விட்டுப் பார்க்காத வியாபாரி உண்டா? சின்ன வெங்காய மூட்டையில் மேலாக நல்ல காய், நடுவில் அழுகல் என்றால் சும்மா விடுவோமா? மூட்டைக்கு இருக்கும் நியாயம் நிக்காஹுக்கு இல்லையா? பெண் பார்க்க வரும் நேரத்தில் ஊசி போட்டு வயதை மறைப்பதும், மாப்பிள்ளை தலைக்குக் கருஞ்சாயம் பூசி வயதைக் குறைத்துச் சொல்வதும் ஒரே குவியலின் ஈரம்தான். மூன்று மாதத்தில் ஊசி இறங்கும். வாழ்க்கை மூன்று மாதத்தில் முடிவதில்லை.

உயிருக்கும் ஆபத்து

பிறருக்கும் தீங்கு செய்யாதே, தனக்கும் தீங்கு தேடாதே என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி. தேர்ந்த மருத்துவர் கையிலேயே இமை தொங்கிப்போவது, தலைவலி போன்றவை ஏற்படுவதுண்டு. ஊசி போட்ட இடத்தைத் தாண்டி நஞ்சு பரவினால் விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம் வரலாம் என்று 2009 முதல் மருந்தின் குறிப்பிலேயே கடும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என அமெரிக்கா உத்தரவிட்டது. 2024இல் அதே அமெரிக்காவின் 11 மாநிலங்களில் போலி மருந்தாலும் தகுதியற்றவர்கள் போட்ட ஊசியாலும் 22 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 11 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். வீட்டிலும் அழகு நிலையத்திலும் போட்டுக்கொண்டவர்கள் அவர்களில் பலர். "பார்லர்ல ஆஃபர் போட்டிருக்காங்க" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அந்தக் கண்ணாடியை யார் கொடுத்தது?

இப்போது ஆண்களே, உங்களிடம் வருகிறேன்.

அந்தத் தாய் வந்துபோன சில நாட்களில் கோலாலம்பூரிலிருந்து ஒரு போன். நம் பகுதிச் சகோதரர், அங்கே கடையில் வேலை. மகளுக்கு நிக்காஹ் நெருங்குகிறது. மனைவி முகத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளக் கேட்கிறாராம். "கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க ஹஜ்ரத், அடங்கிடுவா" என்றார்.

முன்பு ஒரு வார்த்தையில் சொல்லிச் சூடுபட்டவன் நான். ஆகவே கேட்டேன்: "திடீர்னு ஏன் கேக்குறாங்க?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "போன மாசம் வீடியோ கால்ல, என்ன நீ கிழவியாயிட்ட, மக நிக்காஹ்ல உன்ன நன்னின்னு நெனச்சுக்கப் போறாங்கன்னு விளையாட்டா சொன்னேன்."

அவர் போய்ப் பதினாறு ஆண்டுகள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறை. அவருடைய பெற்றோரின் கடைசிக் காலத்தைப் பார்த்தது அந்த முகம். மூன்று பிள்ளைகளின் காய்ச்சலுக்கு விழித்திருந்தது அந்தக் கண். நான் சொன்னேன்: "தம்பி, சட்டத்தை அவங்களுக்குச் சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க மன்னிப்புக் கேளுங்க."

பரிகசிப்பதும் பட்டப்பெயர் சூட்டுவதும் சூரா ஹுஜுராத்தில் தடுக்கப்பட்டவை. மனைவியிடம் செய்தால் மட்டும் அது விளையாட்டாகிவிடுமா? கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் நபியவர்கள் அவர்களை நினைவுகூர்வார்கள். பல் விழுந்த ஒரு மூதாட்டியை இன்னுமா நினைக்கிறீர்கள் என்ற பொருளில் ஆயிஷா (ரலி) ஒருமுறை கேட்டுவிட்டார்கள். அவரைவிடச் சிறந்தவரை அல்லாஹ் எனக்குத் தரவில்லை என்று பதில் சொன்னார்கள் நபியவர்கள். மக்கள் மறுத்தபோது நம்பியதையும், பொருளால் தாங்கியதையும் எண்ணிக் காட்டினார்கள் என்று முஸ்னத் அஹ்மதில் வருகிறது. அந்த மூதாட்டியின் முகத்தில் நபியவர்கள் கண்டது நன்றிக்கடனை.

நாமோ வீட்டில் முகத்தைக் குறைசொல்லிவிட்டு, மஸ்ஜிதில் ஊசிக்கு ஹராம் தீர்ப்புக் கேட்கிறோம். ஊசியைத் தடுப்பது பாதி வேலை. அந்த ஊசியைத் தேடவைத்த நாக்கைத் தடுப்பது மீதி வேலை.

முதுமை நோயல்ல

முன்பு சொன்ன ஹதீஸுக்கு வருவோம். மருந்தில்லாதது முதுமை. பலவீனத்திலிருந்து பலத்தையும், பலத்திற்குப் பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் தருபவன் அல்லாஹ் என்று சூரா ரூம் 54ஆவது வசனம் உணர்த்துகிறது. நரையும் சுருக்கமும் அவன் எழுதும் எழுத்து.

முதன்முதலில் நரையைக் கண்டவர் இப்ராஹீம் (அலை) என்று இமாம் மாலிக்கின் முவத்தாவில் ஓர் அறிவிப்பு உண்டு. இது என்ன இறைவா என்று கேட்டார்கள். கண்ணியம் என்று பதில் வந்தது. அப்படியானால் அதை எனக்கு இன்னும் அதிகமாக்கு என்று துஆச் செய்தார்கள். நாம் குறைக்கச் சொல்லிப் பணம் கொடுக்கிறோம்!

நம் மாவட்டத்து சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடக்கிறது. ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகள் பழையது என்கிறார்கள் புவியியலாளர்கள். பிள்ளைகளை அழைத்துப் போய் அதன் வயதைக் காட்டி வியக்கிறோம். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கிடைக்கும் கடல்வாழ் உயிரின் தடத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறோம். கல்லின் முதுமையை மதிக்கத் தெரிந்த நமக்கு, வீட்டிலிருக்கும் நன்னியின் முதுமையை மதிக்கத் தெரியவில்லையே!

சுருக்கமாக நினைவில் வையுங்கள்

தசை இறுக்கம், இமை துடிப்பு, கடும் தலைவலி, பெருமூளை வாதம் போன்ற நோய்களுக்கு மருத்துவர் சொன்னால் இந்த ஊசி கூடும். மார்க்கத்தின் பெயரால் சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

தீக்காயம், விபத்து, பிறவிக் குறை ஆகியவற்றைச் சரிசெய்வது படைப்பை மாற்றுவதாகாது.

வயதால் வரும் சுருக்கத்தை மறைக்க ஊசி போடுவதைத் தவிருங்கள். நிக்காஹில் வயதை மறைக்கும் நோக்கம் சேர்ந்தால் அது மோசடி.

ஏற்கனவே போட்டுக்கொண்ட சகோதரிகளே, நிராசை அடைய வேண்டாம். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. மற்றவர்கள் அவர்களைப் பார்த்துக் கேலி செய்ய வேண்டாம்.

உங்கள் நிலைமை இதில் எங்கே சேரும் என்று குழம்பினால் நேரில் வந்து கேளுங்கள். பயானில் கேட்ட ஒரு வரியை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது என் பயானாக இருந்தாலும் சரி.

அந்தப் பையனுக்கு இப்போது சிகிச்சை தொடங்கிவிட்டது. ஊசியோடு தினமும் பயிற்சியும் கொடுக்கிறார்கள். அவனுக்காக துஆச் செய்யுங்கள். என் சொல்லால் தாமதமான நாட்களுக்காக எனக்கும் சேர்த்துச் செய்யுங்கள்.

நம் உருவங்களைப் பார்க்காமல் உள்ளங்களையும் செயல்களையும் பார்க்கும் அல்லாஹ், நம் உள்ளங்களை அழகாக்குவானாக! நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவானாக! நம் வீட்டு முதியவர்களைக் கண்ணியப்படுத்தும் தவ்ஃபீக்கைத் தருவானாக! அறிந்ததை முழுமையாக எடுத்துச் சொல்லும் நாவை எனக்குத் தருவானாக!

ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!